எம்.ஆர்.ஐ. தாளுக்கு ஒரு சொல்: ‘அயனியாக்கும் கதிர்வீச்சு’

க.மு. எழுதியது:

வணக்கம். ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்: “எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் அயனியாக்கும் கதிர்வீச்சு பயன்படுத்தப்படுவதில்லை.” பாடநூல்படி சரி. வெளியே காத்திருந்த ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “ஒடம்புல அயர்ன் இருக்கான்னு முன்னாடியே கேட்டு எழுதிக்கிட்டாங்களே தம்பி, மறுபடியுமா?” என்றார். உடம்பில் உலோகம் உண்டா என்று உண்மையிலேயே கேட்கிற இடத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. பேசாமல் “கதிர்வீச்சு இல்லை” என்று சுருக்கிவிடலாமா?

சு.வே. எழுதியது:

கூடாது. பொய்யாகிவிடும். எம்.ஆர்.ஐ. ரேடியோ அலையால்தான் வேலை செய்கிறது. 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) கருவியில் ஹைட்ரஜன் அணுக்கரு ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் சொல்லும். எஃப்.எம். வானொலி 88-இல் தொடங்குகிறது. அதற்குச் சற்றுக் கீழே. அதுவும் மின்காந்தக் கதிர்வீச்சு, அறையின் டியூப்லைட் வெளிச்சமும் மின்காந்தக் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் அதே. வேறுபாடு ஆற்றலில். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு ஆற்றல் உள்ளதுதான் அயனியாக்கும் கதிர்வீச்சு. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். எக்ஸ்ரேயின் ஒரு துணுக்கிடம் (ஃபோட்டான்) அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது. இந்த ரேடியோ அலையின் துணுக்கிடம் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை கோடி துணுக்கு வந்தாலும் சூடாக்குமே தவிர எலக்ட்ரானைப் பிடுங்காது. ஆகவே அடைமொழியை விடாதீர்கள். முப்பது வருடம் பிளஸ் டூ பையன்களிடம் ‘கதிர்வீச்சு என்றாலே அணுகுண்டு இல்லையடா’ என்று தொண்டை வற்றக் கத்தியவன் சொல்கிறேன்.

த.நி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

நாங்கள் பள்ளியில் ‘அயன்’, ‘அயனாக்கும் கதிர்ப்பு’ என்றுதான் படித்தோம். எலக்ட்ரான் எங்களுக்கு இலத்திரன். ஓரிரு எழுத்து மிச்சம் என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு இதனாலும் பயனில்லை, தெரியும். பதிவுக்காகச் சொல்கிறேன்.

புலவர் அ.ந. எழுதியது:

அயன் என்றால் பிரமன் ஐயா. அயன் ஆக்குவான், அரன் அழிப்பான். உங்கள் கதிர் அயனையே ஆக்குகிறதா?

வேரைப் பாருங்கள். 1834-இல் ஃபாரடேக்கு மின்பகுப்பில் (கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிப்பதில்) நகரும் பொருளுக்குப் பெயர் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த ஹ்யூவெல் என்னும் பல்துறை அறிஞரிடம் கேட்டார். அவர் கிரேக்கத்தில் ‘போவது’ என்னும் பொருளுள்ள சொல்லை எடுத்துக்கொடுத்தார். வடமொழியில் உத்தராயணத்தில் வரும் ‘அயனம்’ அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்தப் பக்கம் கிரேக்கம், அந்தப் பக்கம் சமற்கிருதம், நடுவில் ஓர் இகரத்தை ஒட்டவைத்துத் தமிழ் என்கிறோம். போவதற்கு நம்மிடம் ‘ஏகு’ இருக்கிறது. அயனி = ஏகி. அயனியாக்கும் = ஏகியாக்கும். ஃபாரடே அறிவியலறிஞர், பெயருக்குக் கிரேக்கம் அறிந்தவரைத் தேடிப் போனார் என்பதையும் இந்த அவை கவனிக்க வேண்டுகிறேன்.

ஜெ. (நாகர்கோவில்) எழுதியது:

எங்க பக்கம் அயனி ஒரு மரம். பலாவுக்குச் சொந்தம், கதவு நிலைக்கு நல்ல தடி. பழமும் தின்னலாம்.

கதிர்வீச்சு என்று வந்ததால் இன்னொன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கிறது, அதில் கதிர் வீசும் தோரியம். புலவர் சொல்லும் ‘ஏகியாக்கும்’ கதிர் அங்கே காலுக்குக் கீழேயே உண்டு. அதைப் பற்றிப் பேச எங்களுக்கும் நல்ல சொல் வேண்டும், ‘ஏகியாக்கும்’ வேண்டாம். எங்கள் ஊரில் யாராவது ‘ஏகிவிட்டார்’ என்றால் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இரா. எழுதியது:

செயலைச் சொன்னால் புரியும். இந்தக் கதிர் என்ன செய்கிறது? எலக்ட்ரானைப் பறிக்கிறது. ‘பறிகதிர்’. நான்கு எழுத்து… சரி, மெய்யையும் சேர்த்தால் ஐந்து. அச்சான வினைத்தொகை.

புலவர் அ.ந. எழுதியது:

‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்று நன்னூல் சொல்லி நிறுத்திக்கொண்டது. யார் யாரைச் செய்வது என்பதை வழக்குக்கு விட்டுவிட்டது. கொல்களிறு என்றால் கொல்லுகிற களிறு. குடிநீர் என்றால் குடிக்கிற நீரா, குடிக்கப்படுகிற நீரா? பறிகதிர் கொல்களிறு வழிப் போகுமா, குடிநீர் வழிப் போகுமா?

ம.சோ. (திருவாரூர்) எழுதியது:

குடிநீர் வழிதான். இங்கே பறிகதிர் என்று எழுதினால் வயலில் யாரோ கதிரைத் திருட்டுத்தனமாகப் பறித்துவிட்டார்கள் என்று படிப்பார்கள். அறுப்பதுதான் முறை, பறிப்பதில்லை.

இரா. எழுதியது:

திருவாரூரில் யாரும் நெல்லுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். ‘கணினி’ வந்தபோதும் இப்படித்தான் சிரித்தோம்.

வி. எழுதியது:

நான் ஸ்கேன் பிரிவில் வேலை பார்ப்பவள், இங்கே வாசிப்பதோடு சரி. நாங்கள் தினமும் வாயால் சொல்வது: “பயப்படாதீங்க, எக்ஸ்ரே, சி.டி. மாதிரி இதுல ரேடியேஷன் கெடையாது. சத்தம் மட்டும் கேக்கும்.” யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர்கள் நிஜமாகக் கேட்பது, “அந்தக் குழாய்க்குள்ள எவ்வளவு நேரம்?” அதைத் தாளில் முதல் வரியாகப் போடுங்கள்.

இன்னொன்று. இதன் அடிப்படை நுட்பத்தின் ஆங்கிலப் பெயரில் ‘அணுக்கரு’ என்ற சொல் உண்டு. நோயாளிகள் மிரள்வார்கள் என்றுதான் ஸ்கேனுக்குப் பெயர் வைக்கும்போது அதை விட்டுவிட்டார்கள். இயற்பியல் அப்படியேதான் இருக்கிறது.

சு.வே. எழுதியது:

வி. அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. “எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் உள்ளது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை.” இது பொய்யில்லை. வயிற்று சி.டி.க்குச் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் அயனியாக்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஆகும். மண், காற்று, விண்வெளி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4. எம்.ஆர்.ஐ.க்கு அந்தக் கணக்கில் சுழியம். எண்கள் வேண்டுமானால் பின்பக்கம் போடலாம்.

இரா. எழுதியது:

பெட் (PET) ஸ்கேனில் வருவது காமா கதிர், அதுவும் எலக்ட்ரானைப் பறிப்பதுதான். அதே மருத்துவமனை நாளைக்கு அதற்கும் தாள் கேட்டால் ‘எக்ஸ்ரே போன்ற’ என்பீர்களா? எடுத்துக்காட்டு வேறு, கலைச்சொல் வேறு. நீங்கள் சொல்லைத் தவிர்த்துவிட்டு, சொல் கிடைத்துவிட்டது என்கிறீர்கள்.

த.நி. எழுதியது:

இரா. சொல்வது சரி. ஆனால் திங்களும் வந்துவிடும்.

க.மு. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முதல் வரி, வி. அம்மா சொன்னபடி நேரம்: பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடம். அப்புறம் சு.வே. ஐயாவின் வாக்கியம். ‘அயனியாக்கும்’ பின்பக்கத்தில், எண்களோடு, மருத்துவருக்காக மட்டும். ‘உலோகம்’ என்பதை எடுத்துவிட்டு ‘உடம்பில் கம்பி, பிளேட், பேஸ்மேக்கர்’ என்று விரித்துவிட்டேன். ‘பறிகதிர்’ இந்த முறை இல்லை.

புலவர் அ.ந. எழுதியது:

‘ஏகி’யை யாரும் இலக்கணப்படி மறுக்கவில்லை, சிரித்தார்கள், அவ்வளவே. ‘கதிர்வீச்சு’ பற்றியும் எனக்கு ஐயம் உண்டு: பாடநூலில் அலையின் உயரத்துக்கும் ‘வீச்சு’, கதிர் பாய்வதற்கும் ‘வீச்சு’. தனி மடலில் எழுதுகிறேன்.

சு.வே. எழுதியது:

இந்த மடற்குழுவிலேயே எழுதுங்கள் புலவரே, ஆனால் திங்களுக்கு அப்புறம்.