கோல்ஃப்: டிரைவர் மட்டும் வலப்பக்கம் வளையுது, 7ஆம் நம்பர் அயர்ன் நேராப் போகுது: கிரிப்பா, ஸ்விங்கா?

வலப்பக்கவாசி:
வணக்கம். கோல்ஃப் பழகுற வலது கைக்காரன், இப்போதைக்கு டிரைவிங் ரேஞ்ச்ங்கிற பயிற்சித் திடல் மட்டும்தான். 7ஆம் நம்பர் அயர்ன் கிளப்புல பந்து 130 யார்டு ஓரளவு நேராப் போகுது. தூர அடிக்கான டிரைவர் கிளப்பை எடுத்தா பந்து கொஞ்சம் இடப்பக்கம் கிளம்பி, பாதி வழியில வலப்பக்கம் திரும்பி, இலக்குக்கு 40 யார்டு தள்ளி விழுது. முகத்தோட சாய்வு 10.5 டிகிரி, ஷாஃப்ட்ங்கிற கம்பு ரெகுலர். இன்னும் இடப்பக்கம் பார்த்து நின்னு அடிச்சா வளைவு அதிகமாகுதே தவிர குறையல. சென்னை வியர்வையில கிளப் கையில சுத்துது, கிளவுஸும் சீக்கிரம் கிழிஞ்சுடுது. கிரிப்பை மாத்தணுமா, ஸ்விங்கை மாத்தணுமா, டிரைவரையே மாத்தணுமா?

புல்லும்மண்ணும்:
டிரைவரை மாற்றுவது கடைசிப் பேச்சு. ஒரு கேள்வி: கிளவுஸ் எந்த இடத்தில் கிழிகிறது?

வலப்பக்கவாசி:
சுண்டுவிரலுக்குக் கீழ, மணிக்கட்டுக்குப் பக்கத்துல உள்ளங்கையில இருக்கிற மேடு. எப்பவும் அதே இடம்தான் சார்.

புல்லும்மண்ணும்:
பாதி விடை அந்தக் கிழிசலிலேயே இருக்கிறது. கிளப்பை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கைக்குக் குறுக்கே பிடிக்கிறீர்கள். அது அங்கே நிலைக்காது. பின்னால் தூக்கும்போது நழுவும், அடிக்கும்போது இன்னொரு முறை நழுவும், அந்த மேட்டில் தோல் தேயும். நழுவுகிறதே என்று இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கினால் முன்கை விறைக்கும். விறைத்த கை அடிக்கும் நேரத்தில் தானாகத் திரும்பாது, கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) திறந்தபடியே, அதாவது கிளப் வரும் பாதைக்கு வலப்பக்கம் பார்த்தபடியே, பந்துக்கு வந்து சேரும். ஸ்லைஸ் என்கிற இந்த வலப்பக்க வளைவின் வேர் பெரும்பாலும் இதுதான்.

இடது கையை முதலில் சரிசெய்யுங்கள். கிளப் தலையைத் தரையில் வைத்து, முகத்தின் கீழ் விளிம்பு இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும்படி வலது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தை நேராக்கிய பிறகுதான் கிரிப். பிடித்துவிட்டு முகத்தைத் திருப்பி நேராக்கினால் எல்லாம் வீண். இடது கையைப் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்கவிட்டு, அது திரும்பியிருக்கிற அதே கோணத்தில் கிளப்பிடம் கொண்டுபோங்கள். கைப்பிடி ரப்பர், ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் தொடங்கிச் சாய்வாகப் போய், சுண்டுவிரலின் அடியில் முடியவேண்டும். நீங்கள் சொன்ன அந்த மேடு ரப்பரின் மேல் உட்காரவேண்டும், பக்கவாட்டில் அல்ல. கிளப்பின் நுனி அரை அங்குலமாவது வெளியே தெரியட்டும். கட்டைவிரல் நட்டநடுவில் வேண்டாம், மையத்துக்குச் சற்று வலப்பக்கம். கீழே பார்த்தால் இடது கையில் இரண்டு, இரண்டரை விரல் கணுக்கள் தெரியவேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் அது ஸ்லைஸ்காரர் கிரிப்.

சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை. மற்ற விரல்களை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் மடிப்பாலும் அந்த மேட்டாலும் மட்டும் கிளப்பைத் தூக்குங்கள். நின்றால் சரி. தலை தரையை நோக்கிச் சரிந்தால் இன்னும் உள்ளங்கையில்தான் இருக்கிறது.

பிறகு வலது கை. அதன் ஆயுள் ரேகை இடது கட்டைவிரலை மூடவேண்டும். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலது தோளைக் காட்டவேண்டும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலோடு கோர்ப்பதா, மேலே வைப்பதா என்று இங்கே வாரம் ஒரு சண்டை நடக்கும். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை 6 முறை வென்ற ஹாரி வார்டன் மேலே வைத்தார், ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் கோர்த்துப் பிடித்தார்கள். உங்கள் ஸ்லைஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இறுக்கத்துக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் போதும். இடது கையின் கடைசி மூன்று விரல்களில் அந்த இறுக்கம் இருக்கட்டும்.

காற்றுத்திசை:
மேலே சொன்னதோட ஒத்துப்போறேன். ஆனா ‘ஏன் டிரைவர் மட்டும்’ங்கிற கேள்வி பாக்கி இருக்கு.

பந்து கிளம்புற திசையைப் பெரும்பாலும் முகம்தான் முடிவு பண்ணும். அதுக்கப்புறம் வளையுறது, முகத்துக்கும் கிளப் வர்ற பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால. உங்க பந்து இடப்பக்கம் கிளம்புதுன்னா முகம் இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்குது. அப்புறமும் வலப்பக்கம் வளையுதுன்னா, கிளப் அதைவிட இடப்பக்கமா, வெளியிலிருந்து (பந்துக்கு அந்தப் பக்கமிருந்து) உள்ளே வெட்டிக்கிட்டு வருது. இடப்பக்கம் பார்த்து நின்னா பாதையும் சேர்ந்து இடப்பக்கம் போகும், வித்தியாசம் கூடும். வளைவு அதிகமானதுக்குக் காரணம் அதுதான்.

அயர்ன்லயும் இதே வெட்டு இருக்கும் நண்பா. ஆனா அதுல சாய்வு 30 டிகிரி வாக்குல இருக்கும், பின்சுழற்சி பலமா இருக்கும், பக்கச் சுழற்சி அதுல அமுங்கிடும். 10.5 டிகிரியில மறைக்க ஒண்ணும் இல்ல. போதாக்குறைக்கு டிரைவருக்குப் பந்தை இடது குதிகாலுக்கு நேரா வைக்கிறோம். பலர் அதையும் தாண்டிப் பெருவிரலுக்கு நேரா வைப்பாங்க. அவ்வளவு தூரம் எட்டும்போது தோள் தானாவே இடப்பக்கம் திறந்துடும், ஸ்விங்கும் தோளோட கோட்டுலதான் வரும். நின்ன பிறகு ஷாஃப்டை நெஞ்சுக்குக் குறுக்கே பிடிச்சு எங்கே காட்டுதுன்னு பாருங்க. இலக்குக் கோட்டுக்கு இணையா இருக்கணும்.

டீ (பந்தைத் தூக்கி வைக்கிற சின்னக் குச்சி) உயரமும் பாருங்க. டிரைவரைத் தரையில வெச்சா, பாதிப் பந்து அதோட மேல் விளிம்புக்கு மேல தெரியணும். ரேஞ்ச்ல இருக்கிற ரப்பர் டீ பல இடத்துல குட்டையா இருக்கும், அதுல கோடாலி மாதிரி மேலிருந்து வெட்டத்தான் வரும்.

கடைசியா, முகத்துல எங்க படுதுன்னு தெரிஞ்சுக்கணும். பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை கிளப் முகத்துல மெல்லிசா அடிச்சு அஞ்சு பந்து அடிங்க. ஸ்ப்ரே இல்லேன்னா வெள்ளைப் பலகைக்கான மார்க்கர்ல பந்தோட பின்பக்கம் பெரிய புள்ளி வெச்சா முகத்துல அச்சு விழும். ஷாஃப்ட் பக்கமா, அதாவது ஹீல்ல பட்டா, அந்த அடியில கிளப் தலை லேசாத் திரும்பி, பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி குடுத்துடும். அப்போ கிரிப் சரியா இருந்தாலும் வளையும். அரை அங்குலம் தள்ளி நின்னு பாருங்க.

நேரடி_அடி:
இவ்ளோ எதுக்கு? அடிக்கிற நேரத்துல மணிக்கட்டைத் திருப்புங்க, நேராயிடும். ஹோசல் (ஷாஃப்ட் கிளப் தலையில சேர்ற இடம்) திருகுற டிரைவர்னா சாய்வைக் கூட்டி வைங்க, முகம் கொஞ்சம் மூடிக்கும்.

புல்லும்மண்ணும்:
ஹோசல் யோசனை சரி. பெரும்பாலான டிரைவர்களில் சாய்வைக் கூட்டினால் முகம் சற்று மூடும். அதற்கென்று வரும் சாவியால் ‘கிளிக்’ கேட்கும்வரை திருகினால் போதும். ஆட்டம் தொடங்கிய பிறகு தொடக்கூடாது, விதி இடம் தராது.

மணிக்கட்டு விஷயம் ஒத்துவராது. கிளப் பந்தைத் தொட்டிருப்பது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்குள் கையால் திருப்பிச் சரிசெய்தால் ஒரு பந்து வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கக் காட்டுக்குள். கிரிப் சரியாக இருந்தால் அந்தத் திருப்பம் கேட்காமலே வரும்.

தோல்கிளவுஸ்:
வியர்வையைப் பத்தி யாரும் சொல்லலையே. நம்ம ஊர்ல அதுதான் முக்கால் பிரச்சினை.

ரப்பர் கிரிப் பளபளன்னு ஆயிடுச்சா, கட்டைவிரல் படுற இடம் வழுக்குதான்னு பாருங்க. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம் விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால தேய்ச்சு, அலசி, துண்டால துடைச்சு, நிழல்ல காய வைங்க. நுனியில இருக்கிற ஓட்டையை விரலால அடைச்சுக்குங்க, தண்ணி உள்ளே போனா ஸ்டீல் ஷாஃப்ட் துருப்பிடிக்கும். தின்னர், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீங்க. கழுவியும் வழுக்குதுன்னா புது கிரிப்தான். கைவியர்வை அதிகம்னா நூல் கலந்த கார்டு கிரிப் கேளுங்க. சொரசொரப்பா இருக்கும், கிளவுஸ் போடாத கைக்கு ஒரு வாரம் எரியும், ஆனா நழுவாது. அளவும் முக்கியம்: இடது கையால பிடிச்சா நடு ரெண்டு விரல் நுனியும் கட்டைவிரல் மேட்டை லேசாத் தொடணும். இடைவெளி இருந்தா கிரிப் தடிமன், நகம் குத்தினா மெல்லிசு.

கிளவுஸ் ரெண்டு வெச்சு, அஞ்சாறு பந்துக்கு ஒருமுறை மாத்துங்க. கசக்கிப் பைக்குள்ள திணிச்சா தோல் உப்பு பூத்து அட்டை மாதிரி ஆயிடும், விரிச்சு உலர்த்துங்க. கிளப் பையைக் கார் டிக்கியிலயே விட்டுவைக்கிற பழக்கம் இருந்தா மே மாசத்துக்குள்ள நிறுத்துங்க. ரப்பர் சூட்டுல காய்ஞ்சு கெட்டியாகும்.

வலப்பக்கவாசி:
எல்லாருக்கும் நன்றி. கிரிப்பை மாத்தி 30 பந்து அடிச்சேன். கணு ரெண்டு தெரியுது, பவுடர் அச்சு நடுவுலதான். ஆனா இப்போ பந்து வளையாம நேரா இடப்பக்கம் 20 யார்டு போகுது! பழைய கிரிப்புக்கே போயிடலாமா?

காற்றுத்திசை:
போகாதீங்க, வேலை செய்யுதுன்னு அர்த்தம். இப்போ முகமும் பாதையும் ஒரே பக்கம் பார்க்குது, அதனால வளைவு நின்னுடுச்சு. வெட்டுற பாதை மட்டும் பாக்கி. டிரைவரோட துணி உறையைப் பந்துக்கு ஆறு அங்குலம் பின்னால, இலக்குக் கோட்டுக்கு நாலு அங்குலம் வெளியே வைங்க. வெளியிலிருந்து வந்தா உறை பறக்கும். அரை ஸ்விங்ல, பாதி வேகத்துல 15 பந்து. உறை தொடர்ந்து அஞ்சு தடவை அசையாம இருந்தா முக்கால் ஸ்விங்குக்குப் போங்க. தட்டிச்சுன்னா வேகத்தைக் குறைங்க, உறையைத் தள்ளி வைக்காதீங்க.