மலையேறும் வண்டியா, முதுகு தாங்கும் வண்டியா: வீட்டுக் குழுவில் நடந்தது

வெள்ளி, இரவு 9.12

நான்: எல்லாருக்கும் ஒரு விஷயம். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு நடுத்தர எஸ்யூவி ஒன்று எடுப்பதாக முடிவாகிவிட்டது. இப்போது இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி), ஃபோர் பை ஃபோர், லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்), பின்பக்கம் டிஃப் லாக் (இரண்டு பின் சக்கரத்தையும் சேர்த்தே சுற்ற வைப்பது), எங்கே விட்டாலும் ஏறிவிடும். இன்னொன்று மோனோகாக் (தனிச் சட்டம் இல்லை, பாடியே சட்டம்), ஆல் வீல் டிரைவ், ரோட்டில் கார் மாதிரி ஓடும். ஒரு வழி சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

அண்ணன்: முதல் வண்டிதான். முடிந்தது. போய்த் தூங்குங்கள்.

அக்கா: உனக்கென்ன அண்ணா, நீ வேலைக்காகத் தனியாக மலை மேல் போய்விட்டு வருகிறவன். அவன் வண்டியில் அம்மா உட்கார வேண்டும், குழந்தைகள் உட்கார வேண்டும்.

அம்மா: எதில் ஏறுவதற்கு உயரம் குறைவு?

அண்ணன்: அம்மா, படி வைத்துக்கொள்ளலாம்.

அம்மா: முட்டிக்கும் படி வைக்க முடியுமா?

மாமா: அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அண்ணன்: விளையாட்டு இல்லை மாமா. போன மாதம் மழைக்குப் பிறகு ஒரு சைட்டுக்குப் போனேன். மேட்டில் வண்டி கோணலாக நிற்கிறது, முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் கிட்டத்தட்ட அந்தரத்தில். சாதாரண வண்டி என்றால் அந்த இரண்டு சக்கரமும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி ஒரு அடி நகராது. லோ ரேஞ்சில் போட்டேன், லாக்கைப் போட்டேன், ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தும் வைக்காமலும் மெதுவாக ஏறி வந்துவிட்டேன். அந்த நிம்மதிக்கு ஈடே கிடையாது.

நான்: அதுதான் அண்ணா என்னை இழுக்கிறது.

அக்கா: சரி, நீ கடைசியாக எப்போது அப்படி ஒரு மேட்டில் நின்றாய்?

நான்: ...

அக்கா: போன வருடப் போட்டோக்களைத் திறந்து பார். தார் ரோட்டை விட்டு எத்தனை தடவை இறங்கினாய் என்று எண்ணிச் சொல். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதே.

இரவு 9.41

நான்: எண்ணிவிட்டேன். ஐந்து தடவை. அதில் நான்கு மாமனார் தோட்டத்துக்கு, கடைசி மூன்று கிலோமீட்டர் மண் ரோடு. ஒன்று, வழி தவறிப் போனது.

மாமா: வழி தவறுவதற்கு டிஃப் லாக் தேவைப்படாது மாப்பிள்ளை.

நான்: ஆனால் அந்த ஐந்தில் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன் மாமா. தோட்டத்து வாசலுக்கு முன்னால் சேறு, டிராக்டர் வைத்துத்தான் இழுத்தார்கள். மாமனார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சித்தப்பா: அன்றைக்கு என்ன டயர் போட்டிருந்தாய்?

நான்: வண்டியோடு வந்தது சித்தப்பா. நாலு வருஷம் ஆகியிருந்தது.

சித்தப்பா: பட்டன் தேய்ந்து வழுக்கையாக இருந்திருக்கும். அப்படி என்றால் ஃபோர் பை ஃபோரும் அங்கேதான் நின்றிருக்கும், நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றியிருக்கும், அவ்வளவுதான். ஒர்க் ஷாப்பில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மண்ணைத் தொடுவது டயர் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்றது எல்லாவற்றையும் பேசுவீர்கள்.

அண்ணன்: டயர் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். லோ ரேஞ்சை அப்புறம் வாங்கி மாட்ட முடியாது.

சித்தப்பா: அது நியாயமான பேச்சு. லோ ரேஞ்ச் என்ன செய்கிறது என்று தம்பிக்குத் தெரியுமா? எஞ்சின் அதே சக்திதான் கொடுக்கிறது, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு கியர் நடுவில் வந்து வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குகிறது. ஜீப் ராங்ளரில் சாதாரண மாடலுக்கு அது 2.72 மடங்கு, கரடுமுரடுக்கென்றே வரும் ரூபிகான் மாடலுக்கு 4 மடங்கு. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும், பிரேக்கைத் தொடாமல் ஆமை மாதிரி இறங்கும். ஆனால் கல்லும் செங்குத்தும் இருந்தால்தான் அதற்கு வேலை. மூன்று கிலோமீட்டர் சேற்று ரோட்டுக்கு, உண்மையைச் சொன்னால், நல்ல டயரும் 200 மிமீ கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) போதும்.

அக்கா: என் வண்டி 220 சித்தப்பா. சுபாரு ஃபாரெஸ்டர்.

அண்ணன்: சுசுகி ஜிம்னியே 210தான், அதைக் காட்டில் விடுகிறார்கள். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு பேசாதே. உன் வண்டிக்கு மூக்கு நீளம். மேட்டில் ஏறுவதற்குள் பம்பர் முதலில் மண்ணைக் கொத்தும். அப்ரோச் ஆங்கிள் என்று ஒன்று இருக்கிறது.

அக்கா: நான் எந்த மேட்டில் ஏறினேன், பம்பரால் கொத்த!

மாமா: ஒரு தடவை பார்க்கிங்கில் கொத்தினாள்.

அக்கா: நீங்கள் பேசாமல் இருங்கள்.

சனி, காலை 6.55

நான்: இரவெல்லாம் யோசித்தேன். சித்தப்பா, லேடர் ஃபிரேம் என்றாலே தூக்கிப் போடும் என்பது உண்மையா, இல்லை பழைய பேச்சா?

சித்தப்பா: பாதி உண்மை, பாதி பழைய பேச்சு. காலையில் நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். 1970இல் ரேஞ்ச் ரோவர் வந்தது, லேடர் ஃபிரேம்தான், முன்னும் பின்னும் இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்க்கிற ஒரே கட்டை ஆக்ஸில், ஆனால் நாலு பக்கமும் நீளமான, மெத்தென்ற காயில் ஸ்பிரிங் போட்டார்கள். கல்லில் ஏறவும் செய்தது, ரோட்டில் சுகமாகவும் போனது. இந்தப் பக்கம் பார்த்தால் லாடா நிவா, 1977, மோனோகாக், ஆனால் லோ ரேஞ்சும் நடு டிஃப் லாக்கும் உண்டு, எங்கே வேண்டுமானாலும் போகும். லேண்ட் ரோவரின் புது டிஃபெண்டரையும் 2020இல் மோனோகாக் ஆக்கிவிட்டார்கள், ஏர் சஸ்பென்ஷனைத் தூக்கினால் கிளியரன்ஸ் 291 மிமீ, 900 மிமீ தண்ணீரில் இறங்கும். ஃபிரேமை மட்டும் வைத்து முடிவு கட்டாதே.

நான்: அப்புறம் எது தூக்கிப் போடுகிறது?

சித்தப்பா: கட்டை ஆக்ஸில். ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் இன்னொரு பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். அதன் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, மேலே கீழே குதிக்கும்போது ஷாக் அப்சார்பரால் அதைச் சீக்கிரம் அடக்க முடியாது, அந்த உதறல் நேராக சீட்டுக்கு வரும். அதே கட்டை ஆக்ஸில்தான் கரடுமுரடில் உதவும், ஒரு சக்கரம் மேலே போனால் மற்றதைக் கீழே அழுத்தும், மண்ணை விடாது. அடுத்தது, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பார். ரோட்டுக்கு அது தடியாக இருந்தால் நல்லது, கல்லுக்கு அது இல்லாமலே இருந்தால் நல்லது. ரூபிகானில் முன்பக்கத்து பாரை ஒரு பட்டனில் கழற்றி விடுவது அதனால்தான். உண்மையான சண்டை இந்த இரண்டு இடத்தில்தான், பாக்கியெல்லாம் விளம்பரம்.

அண்ணன்: பாக்கியெல்லாம் விளம்பரம் என்று சொல்லிவிட்டீர்களே சித்தப்பா.

சித்தப்பா: உன் வண்டியைச் சொல்லவில்லை. உனக்கு வேலையே அங்கேதான், உனக்கு அது சரி.

அக்கா: பிள்ளைகள் விஷயத்தையும் சொல்கிறேன். போன தடவை அண்ணன் வண்டியில் மூன்றாவது வரிசையில் என் சின்னவனை உட்கார வைத்தோம். அந்த சீட் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே. நேரான ரோடுதான், ஆனால் ஒட்டுப்போட்ட ரோடு, ஒவ்வொரு ஒட்டுக்கும் அவன் தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டே வந்தது, கண்ணாடியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டான். நாற்பதாவது கிலோமீட்டரில் என் மடியில் வாந்தி. அண்ணன் முன்னால் உட்கார்ந்து பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வருகிறான், அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அண்ணன்: ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாதுதான். அது என் தப்பா?

அக்கா: தப்பு என்று யார் சொன்னது? டெஸ்ட் டிரைவ் போகிற எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்கிறேன்.

மாமா: அதோடு ஒன்று. மாப்பிள்ளை பார்க்கிற லேடர் ஃபிரேம் வண்டி பார்ட் டைம் ஃபோர் பை ஃபோர், தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றுவது. முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையில் (சாதாரண வேகக் கியரில் நாலு சக்கரமும்) போட்டு ஓட்டினால் வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றப் பார்க்கும், விட்டுக்கொடுக்க வழி இல்லாமல் உள்ளே முறுக்கிக்கொள்ளும். அதனால் மழை ரோட்டில் கூடப் பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் ஓட்டுவாய். ஆல் வீல் டிரைவ் அந்த நேரத்தில் தானாக வேலை செய்யும். மழையில் நெடுந்தூரம் போகிறவனுக்கு இதுதான் பெரிய வித்தியாசம் என்பது என் கட்சி.

அண்ணன்: அது சரி. அதே ஆல் வீல் டிரைவை மணலில் ஐந்து நிமிஷம் மிதித்துப் பாருங்கள், கிளட்ச் சூடாகிவிட்டது என்று விளக்கு எரிந்து, முன் சக்கரம் மட்டும்தான் இனி என்று கையை விரித்துவிடும். எல்லாம் இல்லை, பல வண்டிகளில்.

நான்: மணலுக்கு நான் போவதே இல்லை அண்ணா.

அண்ணன்: இன்றைக்குப் போவதில்லை. நாளைக்கு?

அக்கா: நாளைக்காக ஒரு வண்டி வாங்கி தினமும் வேலைக்குப் போகும்போது இடுப்பு ஒடிய ஓட்டுவானா?

அண்ணன்: இடுப்பெல்லாம் ஒடியாது. நானும்தான் எட்டு வருடமாக ஓட்டுகிறேன்.

அம்மா: நீ வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுக்கிறாயே, அது எதற்கு?

மாமா: அத்தை மறுபடியும்.

சித்தப்பா: தம்பி, ஒன்று செய். இரண்டு வண்டியையும் நாளைக்கு எடுத்துப் பார்க்கப் போகிறாய் அல்லவா? ஷோரூம்காரன் காட்டுகிற வழவழப்பான ரோட்டில் போகாதே. குண்டும் குழியுமான ரோடாகப் பார்த்து 30இல் போ, அப்புறம் 50இல் போ. நீ ஓட்டாதே, யாரையாவது ஓட்டச் சொல். உன் அம்மாவை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்து இந்தக் குழுவில் ஒரு மெசேஜ் டைப் அடிக்கச் சொல். படிக்கிற மாதிரி வந்தால் அந்த சஸ்பென்ஷன் பாஸ்.

அக்கா: சித்தப்பா, அம்மா வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அடித்தாலே படிக்க முடியாது.

சித்தப்பா: இரண்டு வண்டிக்கும் அதே அம்மாதானே. ஒப்பிடலாம். இன்னொன்று, 20 இன்ச் சக்கரம் போட்ட டாப் மாடலை எடுக்காதே, அழகுக்கு ஆசைப்பட்டு. சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குட்டையாகும், குழியில் விழுந்தால் ரிம் நேராக அடி வாங்கும், ஓட்டுகிற சுகமும் போகும், காட்டிலும் உதவாது. 17 இருந்தால் 17 எடு. அந்தச் சுவர்தான் முதல் ஸ்பிரிங்.

அண்ணன்: இதற்கு என் ஓட்டும் உண்டு. அதில் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஏடி டயர் போட்டுக்கொள். முழுக் கட்டி போட்ட மட் டயர் வேண்டாம், ஈரமான தாரில் பிரேக் பிடித்தால் நிற்காது, சத்தமும் விமானம் மாதிரி இருக்கும். ஏடி கூடக் கொஞ்சம் இரையும், மைலேஜும் கொஞ்சம் குறையும். தோட்டத்துச் சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்னால் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கு, டயர் நீளமாகப் படிந்து பிடிக்கும். ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் ஏற்று, இல்லாவிட்டால் வேகத்தில் சூடாகி வெடிக்கும். ஒரு சின்ன கம்ப்ரஸர் பின்னால் கிடக்கட்டும்.

நான்: அண்ணா, நீ எந்த வண்டிக்கு இதைச் சொல்கிறாய்?

அண்ணன்: எந்த வண்டியாக இருந்தாலும்.

அக்கா: ஆகா, இறங்கி வருகிறான்.

அண்ணன்: இறங்கவில்லை. கொஞ்சம் காற்றைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறு, காலை 11.08

நான்: முதல் வண்டி, லேடர் ஃபிரேம். நான் பக்கத்தில், அம்மா பின்னால். அம்மா அடிக்கிறார், காத்திருங்கள்.

அம்மா: நன்ன்றாக இருக்கிக கைபிட பிடித்த்து ஒருகைய்ய்ல் ஆட்ட்ம்ம

அம்மா: ப

மாமா: அந்த "ப" எதற்கு?

நான்: குழி.

காலை 11.52

நான்: இரண்டாவது வண்டி. அதே ரோடு, அதே வேகம்.

அம்மா: உன் அண்ணனிடம் சொல், நேற்று அவன் மல்லாந்து படுப்பதைப் பற்றி நான் சொன்னதும் ஒரு பதிலும் போடாமல் இருந்துவிட்டான், அவன் போய் முதுகை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், இது வண்டியைப் பற்றி இல்லை, ஆனாலும் இந்த சீட் நன்றாக இருக்கிறது, ஏறும்போது கால் வலிக்கவில்லை, கண்ணாடி பெரிது, வெளியே தெரிகிறது, கலர் மட்டும் வேறு இருக்கிறதா என்று கேள்.

அக்கா: ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை!

அண்ணன்: சரி சரி. டாக்டரிடம் போகிறேன்.

சித்தப்பா: சக்கரம் எத்தனை இன்ச்?

நான்: இந்த மாடலில் 19 சித்தப்பா. இதற்குக் கீழே உள்ள மாடலில் 17 இருக்கிறது, ஆனால் அதில் சன்ரூஃப் இல்லை.

அம்மா: மேலே எதற்கு ஓட்டை?

சித்தப்பா: 17 எழுதிக்கொடுத்துவிட்டு வா.