மாற்கு 16-ஆம் அதிகாரம், கடைசி 12 வசனம் பத்தி ஒரு உதவி

ஸ்தோத்திரம். சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீட்ல வெள்ளிக்கிழமை ராத்திரி பைபிள் ஸ்டடி நடக்குது, ஏழெட்டு பேர், பாதி பேர் வயசானவங்க, தமிழ் மட்டும்தான் வாசிப்பாங்க. மூணு வாரமா மாற்கு 16:9-20ல நிக்கிறோம். 4ஆம் நூற்றாண்டு கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதிங்க சினாயிட்டிக்கஸ், வத்திக்கானஸ் ரெண்டுலயும் மாற்கு 8ஆம் வசனத்தோட, பெண்கள் பயந்து ஓடுறதோட முடியுது, இந்த 12 வசனம் அதுல இல்லன்னு நான் சொல்லிட்டேன். ஒரு ஆன்ட்டி பேசவே இல்ல, அவங்க பைபிளைத் திறந்து காட்டினாங்க, 18ஆம் வசனம் "வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள்" சிவப்பு பென்சில்ல கோடு, அவங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்போ போட்டது. அப்ப இது தேவ வசனம் இல்லையான்னு கேட்டாங்க, எனக்கு வாய் வரல.

பழைய மொழிபெயர்ப்புல அடிக்குறிப்பு இல்ல. விக்டோரியா ஸ்ட்ரீட் லைப்ரரில தேடினேன், கிடைச்சதெல்லாம் இங்கிலீஷ். பாஸ்டர்கிட்ட கேட்டேன், இதெல்லாம் கிளற வேணாம்னுட்டார், எனக்கு அது சரியாப் படல. சுமார் கி.பி. 180லயே ஆதி சபை பிஷப் ஐரேனியஸ் 19ஆம் வசனத்தை மாற்கு எழுதினதுன்னே எடுத்துக் காட்டியிருக்கார், அதைச் சொன்னேன், கொஞ்சம் ஆறுதல், ஆனா பத்தல.

அடுத்த வெள்ளிக்குள்ள வேணும்: இந்தப் பகுதியை விசுவாசம் குலையாம, உண்மையையும் மறைக்காம விளக்குற தமிழ்ப் புத்தகமோ கட்டுரையோ யாருக்காவது தெரியுமா?