உச்சிக்குழி குழிந்தால் என்ன எழுதுவது?

சென்னை, திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்தது, ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஃபான்டனெல் என்பதற்கு நம்மிடம் உச்சிக்குழி இருக்கவே இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாமல், சவ்வு மட்டும் மூடியிருக்கும் மெத்தென்ற இடம். நானும் அதையே போட்டுக்கொண்டு வந்தேன். ஆபத்து அறிகுறிகள் பக்கத்துக்கு வந்ததும்தான் வம்பு. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைக்கு அந்த இடம் உள்ளே போகும். மூளைக்காய்ச்சலில் மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் புடைக்கும். எழுதிப் பார்த்தேன்: 'உச்சிக்குழி குழிந்திருந்தால்', 'உச்சிக்குழி புடைத்திருந்தால்'. குழி குழிந்திருக்காமல் வேறு எப்படி இருக்கும்? நலமான குழந்தைக்கு அது ஏறக்குறைய சமமாகத்தான் இருக்கும். குழி என்று பெயரும் வைத்துவிட்டு, குழி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றும் சொன்னால் தாய் என்ன செய்வாள்?

வேறு சொல் உண்டா?


தஞ்சாவூர், செவ்வாய் காலை

தம்பி, விடை வள்ளுவரிடம் இருக்கிறது. 'என்பி லதனை வெயில்போலக் காயுமே'. என்பு என்றால் எலும்பு, என்பு இல்லாதது என்பிலி. குழியும் இல்லை, மேடும் இல்லை. என்பிலி உள்வாங்கும், என்பிலி புடைக்கும், இலக்கணம் எங்கும் இடிக்காது.

உச்சிக்குழியில் இன்னொரு குறையும் உண்டு. பிறந்த குழந்தையின் மண்டையில் இப்படி ஆறு இடங்கள். நெற்றிக்கு மேலே சாய்சதுரமாக ஒன்று, பின்மண்டையில் முக்கோணமாக ஒன்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு. காதுக்குப் பின்னால் இருப்பதையும் உச்சி என்பீர்களா? முன் என்பிலி, பின் என்பிலி, பக்க என்பிலி என்று வைத்தால் ஆறும் அடங்கும்.

என்பும் எலும்பும் ஓரினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக. வேர் 'எல்'தான் என்பது என் துணிபு. எல் என்றால் ஒளி. தசை போனபின் வெள்ளையாய் ஒளிர்வது எலும்பு. இதைத் தனிக் கட்டுரையாக விரிக்க எண்ணம்.


மதுரை, செவ்வாய் மதியம்

ஐயா கோவிக்கக் கூடாது. அந்தக் குறளில் என்பிலது என்றால் புழு என்றுதான் எங்கள் தமிழம்மா சொல்லிக்கொடுத்தார். பிள்ளை தலையில் ஆறு என்பிலி இருக்கிறது என்று தாயிடம் சொன்னால் பேன் சீப்பு எடுத்து வருவாள்.

நான் செவிலியர். எங்கள் பக்கம் தாய்மார் குழி என்ற சொல்லையே அவ்வளவாகச் சொல்வதில்லை. 'உச்சி துடிக்குது', 'உச்சி உள்ள போயிருக்கு', அவ்வளவுதான். போன கோடையில் ஒரு பாட்டி எட்டு மாதப் பேரனைத் தூக்கி வந்தார். மூன்று நாள் பேதி. உச்சியில் விளக்கெண்ணெய் தோய்த்த துணி. துணியை எடுத்துவிட்டு விரலை வைத்தேன். ஒரு கரண்டிக் குழி மாதிரி உள்ளே போயிருந்தது. அழக்கூடக் கண்ணீர் இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் ஆரம்பித்து, வண்டி பிடித்து மேலே அனுப்பினோம். பாட்டி சொன்னது: "நேத்தே உச்சி இறங்கிருச்சும்மா, எண்ணெ வச்சா ஏறிரும்னு இருந்தேன்." அவருக்கு அறிகுறி தெரிந்திருந்தது, சொல்லும் தெரிந்திருந்தது. எண்ணெய் அதற்கு மருந்தில்லை என்பதுதான் தெரியவில்லை.

சொல் எதுவானாலும் சரி, இன்னொரு வரியை விட்டுவிடாதீர்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அழாமல் இருக்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டும். அழுதால் நல்ல பிள்ளைக்கும் உச்சி உப்பும்.


யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

மூலச்சொல்லைப் பார்த்தால் பழைய பிரெஞ்சில் சின்ன ஊற்று என்று பொருள். தோலுக்குக் கீழே துடிப்பது ஊற்று பொங்குவதைப்போல் தெரியும். ஆகவே ஊற்றுவாய் என்று யாராவது கிளம்ப முன்னம் ஒன்று சொல்கிறேன்.

மூளையைச் சுற்றிய உறைகளை நாங்கள் வன்றாயி, மென்றாயி என்று படித்தோம். ஏன் 'தாயி' என்று வாத்தியாருக்கும் தெரியாது. அரபு மருத்துவர்கள் அந்த உறையை மூளையின் தாய் என்றார்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் அதையே 'மாட்டர்' என்றார்கள், கடைசியில் அது தமிழுக்குத் தாயியாய் வந்து சேர்ந்தது. வேரை மொழிபெயர்த்தால் இப்படித்தான், உறை போய்விடும், தாய் மிஞ்சுவாள். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியருக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கும். 1872இல் அவர் வெளியிட்ட உடற்கூற்று நூலுக்குப் பெயர் மனுஷ அங்காதிபாதம். அப்போது வடமொழி வாசம் யாரையும் உறுத்தவில்லை. இன்று அங்காதிபாதம் என்றால் தேவாரப் பதிகமா என்பார்கள்.


கோயம்புத்தூர், புதன் காலை

உறைக்குத் தாயி என்றது இருக்கட்டும், மூளைக்கு மூளை என்பதே குழப்பம்தான். சித்த மருத்துவத்தில் ஏழு உடற்கட்டுகள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். இதில் வரும் மூளை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. கறிக்கடையில் நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அது. எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற பொருளெல்லாம் நம் முன்னோருக்கு மூளை. மண்டைக்குள் இருப்பதும் அப்படித்தானே. ஆக, முதலில் மஜ்ஜைக்கு நல்ல சொல் காண்பதே முறை.


சென்னை, புதன் மாலை

ஐயா, மஜ்ஜை என் கையேட்டில் இல்லை. நாளை மறுநாள் அச்சு.

இதுவரை வந்தவை: என்பிலி, மதுரை அக்காவின் வெறும் உச்சி, தனிமடலில் ஒருவர் அனுப்பிய மென்னுச்சி, இன்னொருவர் அனுப்பிய என்பிடை. கடைசியை என் மனைவியிடம் காட்டினேன். 'என் பிடையா? பிடைன்னா என்ன?' என்றார்.


கோயம்புத்தூர், புதன் இரவு

மண்டையோட்டு எலும்புகள் சேரும் கோட்டுக்குத் தையல் என்றுதானே பெயர்? 'தையல்சொல் கேளேல்' என்ற ஆத்திசூடியை இந்த ஒருமுறை மீறுவோம். மதுரைக்கு என் வாக்கு. மஜ்ஜையைத் தனி இழையில் எழுப்புவேன்.


சென்னை, வியாழன்

முடித்துவிட்டேன். முதல் முறை மட்டும் 'உச்சிக்குழி என்று சொல்லப்படும் மெத்தென்ற உச்சி' என்று எழுதி, அப்புறம் எல்லா இடத்திலும் உச்சி. 'உச்சி உள்ளே இறங்கியிருந்தால்', 'அழாதபோதும் உச்சி உப்பியிருந்தால்'. நிமிர்த்திப் பிடிக்கும் வரியைக் கட்டம் கட்டிப் போட்டாயிற்று. எண்ணெய் பற்றியும் ஒரு வரி. பின்மண்டையில் இருப்பது இரண்டு மாத வாக்கில் மூடிவிடும், முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும் என்று ஒரு இடத்தில் மட்டும் வருகிறது. அங்கே 'பின்னுச்சி' என்று வைத்திருக்கிறேன். பக்கத்து நான்கும் கையேட்டில் இல்லை, பிழைத்தேன்.


மதுரை, வியாழன்

உப்பியிருந்தால் என்பது சரி தம்பி. புரியும்.


தஞ்சாவூர், வியாழன் இரவு

பின்னுச்சி என்பது கீழ்மாடி மொட்டைமாடி என்பதைப் போன்றது. உச்சிக்குப் பின் ஏது? கையேட்டுக்குச் சரி, கல்லூரிப் பாடநூலுக்கு ஆறு பெயரும் வேண்டும், அன்று என்பிலியைத் தேடி வருவீர்கள். என் மறுப்பைப் பதிந்துவைக்கவும். புழு என்பது உரையாசிரியர் சொன்ன பொருள், வள்ளுவர் எலும்பில்லாதது என்று மட்டுமே சொன்னார்.


யாழ்ப்பாணம், வெள்ளி காலை

அந்த 'எல்' கட்டுரை எப்போது வரும் ஐயா? எல் என்றால் இரவு என்றும் பொருள் இருக்கிறதே.