பிழை, வழு, பிறழ்வு: சோதனை தேடுவது எதை?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுத்துவரும் மென்பொருட் சோதனைக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் கறுப்புப் பெட்டிச் சோதனை, வெள்ளைப் பெட்டிச் சோதனை, அலகுச் சோதனை, ஏற்புச் சோதனை ஆகிய சோதனை வகைகளின் பெயர்கள் பற்றி மேலும் பேசத் தேவையில்லை என்றே கருதுகிறேன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர்கள் அவற்றை ஏற்கெனவே தயக்கமின்றி வழங்கிவருகிறார்கள். நிலைத்துவிட்ட சொல்லை மாற்ற முனைவதால் குழப்பமே மிஞ்சும். இன்னும் முடிவாகாமல் நிற்பது இவற்றுக்கெல்லாம் அடிப்படையான மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் எனத் தனித்தனியே வரையறுக்கப்பட்டவற்றை நாம் பிழை என்றும் வழு என்றும் தவறு என்றும் இடத்துக்கு இடம் மாற்றி எழுதுகிறோம். பட்டியலை அச்சுக்குக் கொடுக்குமுன் இதைத் தீர்த்தாக வேண்டும்.

என் முன்மொழிவு இது: மனிதர் செய்வது பிழை; அதனால் நிரலிலோ வடிவமைப்பிலோ தேவை ஆவணத்திலோ தங்கிவிடுவது வழு; அந்த வழு, மென்பொருள் இயங்கும்போது எதிர்பார்த்த நடத்தையிலிருந்து விலகலாக வெளிப்பட்டால் அது பிறழ்வு.

இந்தப் பாகுபாடு வெறும் சொல் நுணுக்கம் அன்று என்பதற்கு ஏரியன் 5 ஏவுகலத்தின் முதற் பயணத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட அந்த ஏவுகலம் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறி கருவியில் இயங்கிய மென்பொருள், 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. பெறுமானம் 32,767 என்ற எல்லையைத் தாண்டியதால் கருவி நின்றுபோனது. காப்புக்காக வைத்திருந்த மற்றைய கருவியும் அதே மென்பொருளையே இயக்கியதால் அதே காரணத்தால் நின்றது. இதே நிரற்பகுதி அதற்கு முன்பு ஏரியன் 4 இல் இந்தச் சிக்கல் எதுவுமின்றி இயங்கியது. அதன் பறப்புப் பாதையில் அந்தப் பெறுமானம் எல்லையை எட்டவேயில்லை. பழைய பாதைக்குப் பொருந்திய எடுகோள் புதிய பாதைக்கும் பொருந்தும் என்று கொண்டது பிழை. எல்லை மீறலைக் கையாளும் ஏற்பாடின்றி விடப்பட்ட எண்மாற்றம் வழு. கருவி நின்றதும் கலம் பாதை விலகிச் சிதறியதும் பிறழ்வு. வழு நெடுநாள் பிறழ்வின்றி உறங்கிக் கிடக்கலாம் என்ற இந்த உண்மையை, மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாணவருக்கு விளக்கிப் பாருங்கள், வாக்கியமே அமையாது.

வழு என்ற சொல்லை நடுவில் உள்ளதற்குக் கொடுப்பதற்கு நமது பாடசாலை வழக்கே துணைநிற்கிறது. நுண்ணிய தடிப்புகளை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியின் பூச்சிய வழு, அதாவது பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் வேறு அளவைக் காட்டுவது, அளப்பவர் கையில் எடுப்பதற்கு முன்பே கருவியில் இருப்பது. அதைக் கண்டறிந்து திருத்தம் செய்யும் பழக்கம் நமது பௌதிகவியல் மாணவர்களுக்கு உண்டு. அளவிடையைச் சாய்வாக நோக்குவதால் வருவதையும் அங்கே வழு என்றுதானே சொல்கிறோம், அது மனிதர் செய்வதாயிற்றே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் ஒரு துறையின் சொல்லை இன்னொரு துறை எடுத்தாளும்போது பொருளைச் சுருக்கிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பது. நமது வரையறை தெளிவாக இருந்தால் மயக்கம் நேராது.

மென்பொருள் வழுவை ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் பக், அதாவது பூச்சி, என்பர்; அதையொட்டி முந்திய மடல் ஒன்றில் பரிந்துரைக்கப்பட்ட 'பூச்சி' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. 1947 இல் ஹார்வர்ட் மார்க் 2 கணினியில் விட்டில் அகப்பட்ட செய்தி சுவையானதுதான். ஆனால் பக் என்ற சொல் அதற்கும் முன்பே பொறியியலாளர் வழக்கில் இருந்தது. தமிழில் அந்த வழக்கு இல்லாதபோது பூச்சியை மட்டும் கொண்டுவருவதால் பயனில்லை.

வழுவை ஏற்றுக்கொண்டால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. இலக்கணத்தில் வழு, வழாநிலை என்பவற்றோடு வழுவமைதியும் உண்டு: வழுவாயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நகை அடகு மென்பொருளில் மிக நீண்ட பெயர்களின் இறுதி எழுத்துகள் பற்றுச்சீட்டில் அச்சாகவில்லை என்றும், வட்டிக் கணக்குச் சரியாக இருப்பதால் இந்தப் பதிப்பை அப்படியே வெளியிட்டு அடுத்த பதிப்பில் திருத்துவதென முடிவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அறிந்தே, காரணம் பதிந்து, ஒத்திவைக்கப்படும் இந்த வழுவுக்கு வழுவமைதி என்பதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. இச்சொல்லைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று மனப்பூர்வமாக வேண்டுகிறேன்.

1969 இல் உரோமில் நடந்த மென்பொருட் பொறியியல் மாநாட்டில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்ன கருத்தை, சோதனை வழுக்கள் இருப்பதைக் காட்டுமேயன்றி இல்லாமையைக் காட்டாது என்று நாம் எழுதுவது வழக்கம். மேற்சொன்ன பாகுபாட்டின்படி இன்னும் நுட்பமாகச் சொல்லலாம்: இயக்கிப் பார்க்கும் சோதனை நேரே காட்டுவது பிறழ்வை மட்டுமே, அதிலிருந்து வழுவைத் தேடிச் சென்று களைவது வழுநீக்கம், அது வேறு வேலை. நிரலை இயக்காமல் வாசித்து மீளாய்வு செய்பவரோ பிறழ்வைக் காணாமலே வழுவைக் கண்டுவிடுகிறார். சோதிப்பவர் அறிக்கையில் பிறழ்வைக் கண்டவாறே எழுதவேண்டும், காரணத்தை ஊகித்து எழுதக்கூடாது என்ற அறிவுரையும் இச்சொற்களால் எளிதில் விளங்கும்.

ரிக்ரெஷன் டெஸ்டிங் என்பதற்கு மீள்சோதனை என்று பட்டியலில் இருப்பதை மாற்றவேண்டும். வழுவைத் திருத்தியபின் அதே சோதனையைத் திரும்ப நடத்தி, திருத்தம் பலித்ததா என்று பார்ப்பதுதான் மீள்சோதனை. திருத்தத்தால் முன்பு சரியாக இருந்த வேறு பகுதி கெட்டுவிட்டதா என்று பார்ப்பதற்குப் பின்னடைவுச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறழ்வு என்ற சொல்லில்தான் எனக்கு முழு நிறைவு இல்லை. தமிழகத்து உயிரியல் எழுத்துகளில் மரபணு மாற்றத்தைக் குறிக்கவும் அது வருகிறது. நமது இலங்கை நூல்களில் அதற்கு விகாரம் என்று இருப்பதால் இங்கே இடர் குறைவு. செயலிழப்பு என்ற மாற்றுச்சொல் முற்றாக நின்றுபோவதையே குறிப்பதால், ஓடிக்கொண்டே தவறான வட்டியைக் காட்டும் மென்பொருளுக்கு அது பொருந்தாது. வேறு சொல்லை முன்வைப்போர், அதை ஒரு சோதனை அறிக்கை வாக்கியத்தில் அமைத்துக் காட்டி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.