விபத்துக் காயங்களின் இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

கதிரவன்:
சாலை விபத்துகளால் பெரும்பாலான நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவீதத்தை இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இப்படிப்பட்ட மதிப்பீட்டுக்கு மருத்துவச் செலவு, சேதமான வாகனம், காயம்பட்டவர் இழந்த சம்பளம், இந்த மூன்றும் போதும் என்பதே என் கட்சி. மூன்றுக்கும் ரசீது காட்டலாம். வலிக்கு விலை போட ஆரம்பித்தால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள்.

நிலா:
சம்பளமே இல்லாதவரை என்ன செய்வீர்கள்? குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கு உங்கள் கணக்கில் ஆபரேஷன் பில் மட்டும்தான் ஏறும். ராத்திரியில் எழுந்து எழுந்து அவரைக் கழிப்பறைக்குத் தாங்கிக் கூட்டிப்போவதற்காக வேலையை விட்ட மகள் அதில் எங்கே? உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். சம்பளத்தால் அளந்தால் அவர்கள் உயிருக்கு மதிப்பே இல்லாமல் போகும்.

கதிரவன்:
மகளின் சம்பளத்தைச் சேர்க்கலாம், தகராறில்லை. பாட்டி செய்துவந்த வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலியோ அதையும் சேர்க்கலாம். ஆனால் இழப்பீட்டுத் தொகையைக் கூட்டாதீர்கள், பலர் அதைச் செய்கிறார்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பணம் சமூகத்துக்கு நஷ்டமில்லை.

நிலா:
இழப்பீடு பற்றிச் சொன்னது சரி. பாட்டியின் வலி மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறது. ஆபத்தைச் சற்றுக் குறைக்க மக்கள் எவ்வளவு தரத் தயார் என்று கேட்டு மதிப்பிடும் முறை இருக்கிறதே! பிரிட்டன் சாலை மரணங்களுக்கு 1988இலேயே அதற்கு மாறிவிட்டது.

வேலன்:
அதில் ஓர் ஓட்டை உண்டு. வசதியுள்ளவர் அதிகம் தரச் சம்மதிப்பார், இல்லாதவரால் முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே சராசரியை வைத்தால்தான் அது நியாயமாகும். நெதர்லாந்து ஆய்வாளர்களின் உராய்வுச் செலவு முறை, இழந்த உழைப்பை மட்டும் எண்ணுவதால், இதற்கு நேர் எதிர்: காலியான இடத்தில் புது ஆள் வந்து பழகும்வரைதான் இழப்பு. 25 வயதில் முடங்கியவரின் எஞ்சிய உழைப்புக் காலம் முழுவதும் சில மாதங்களாகச் சுருங்கிவிடும்.

கதிரவன்:
அதை நானும் ஏற்க மாட்டேன். வலியின் மதிப்பைத் தனி வரியாக வெளியிடுங்கள், மொத்தத்தில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

நிலா:
நிதி ஒதுக்குபவர் மொத்தத்தைத்தான் பார்ப்பார். அதில் வலி இல்லையென்றால் முதியோர் வீடுகளில் கைப்பிடி பொருத்தும் திட்டம் வீண்செலவாகத் தெரியும். கூட்டத்தான் வேண்டும்.