தோற்கிற அணியின் ஜெர்சி ஏன் இன்னும் விற்கிறது?

நடுக்களம்:
நேற்று ஒரு நண்பரோடு வாய்த்தகராறு. "கோப்பை ஜெயிக்கிற அணியின் ஜெர்சிதான் விற்கும். நாலு சீசன் தோற்றால் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

இங்கிலாந்துக் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக லீக் பட்டம் வென்றது 2013இல். அடுத்த சீசனில் ஏழாம் இடம், ஐரோப்பியப் போட்டி எதிலும் இடமில்லை. அந்தக் கோடையிலேயே, 2014 ஜூலையில், அடிடாஸ் பத்து ஆண்டுக்கு 75 கோடி பவுண்டு என்று ஒப்பந்தம் அறிவித்தது. அதற்கு முன் எந்தக் கிளப்பும் ஜெர்சிக்காக அவ்வளவு வாங்கியதில்லை. 2023இல் அதையே இன்னும் பத்தாண்டுக்கு நீட்டினார்கள், குறைந்தது 90 கோடி. இடையில் லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. 2024-25இல் பதினைந்தாம் இடம் வேறு.

ஆக, விற்பது பெயர்தான், வெற்றி இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

வெற்றிவாகை:
வந்தேன். நீங்கள் சொன்ன அதே ஒப்பந்தத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து இரண்டு சீசன் ஆடாவிட்டால் அந்த ஆண்டுத் தொகையில் 30% பிடித்தம் என்று 2014 ஒப்பந்தத்திலேயே ஒரு வரி உண்டு. புதிய ஒப்பந்தத்தில் சாம்பியன்ஸ் லீக் இல்லாத ஒவ்வொரு சீசனுக்கும் 1 கோடி பவுண்டு பிடித்தம். தோல்வி விற்பனையைத் தொடாது என்றால் அடிடாஸின் வக்கீல்கள் அந்த வரியை எதற்காக எழுத வேண்டும்?

அப்புறம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1993 முதல் 2013 வரை பதின்மூன்று லீக் பட்டங்கள். 1999இல் ஒரே சீசனில் மூன்று கோப்பைகள். அப்பன் சேர்த்த சொத்தைப் பிள்ளை விற்றுச் சாப்பிடுகிறான், அவ்வளவுதான். பிள்ளையின் திறமை என்று அதைச் சொல்லாதீர்கள்.

நடுக்களம்:
உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்குச் சராசரி 9 கோடி. சாம்பியன்ஸ் லீக்கில் இடம் இல்லாவிட்டால் 1 கோடி போகும். மீதி 8 கோடி எதற்காகக் கொடுக்கிறார்கள்? பதினைந்தாம் இடத்துக்கா?

வெற்றிவாகை:
சொத்து இன்னும் தீரவில்லை என்பதற்காக.

முதுகுப்பெயர்:
இரண்டு பேரும் அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். வாங்குகிறவன் பாதி நேரம் அணியைப் பார்ப்பதே இல்லை, ஆளைத்தான் பார்க்கிறான். 2023 ஜூலையில் மெஸ்ஸி அமெரிக்காவின் இன்டர் மயாமிக்குப் போனபோது அந்த அணி கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது. பெரிய வரலாறும் இல்லை, 2020இல்தான் லீக்குக்கே வந்தது. ஆனாலும் அந்த இளஞ்சிவப்பு ஜெர்சிக்குப் பணம் கட்டியவர்களிடம் அக்டோபர் வரை காத்திருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 1998இல் ஜப்பான் வீரர் நகாட்டா பெருஜாவுக்குப் போனபோதும் அப்படித்தான். இத்தாலியின் சிறிய கிளப் ஒன்றின் சட்டையை ஜப்பானில் தேடித்தேடி வாங்கினார்கள்.

நான் கொஞ்ச காலம் ஜெர்சியில் பெயரும் எண்ணும் ஒட்டும் வேலை பார்த்தவன். சட்டையின் முதுகை மேலே வைத்து, காலர் நடுவைப் பிடித்து ஒரு மடிப்புக் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் எண் ஒரு விரல் அளவு சாய்ந்து நிற்கும். அப்புறம் எழுத்துக்களை அடுக்கி, சூட்டு அச்சை இறக்கி, கொஞ்ச நேரம் கழித்துத் தாளை உரிக்க வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் எழுத்தின் ஓரம் கூடவே எழும்பி வரும். உரித்துவிட்டால் அந்தச் சட்டை அந்த ஆளுக்கே சொந்தம். அவன் ஜனவரியில் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் முன்கூட்டியே ஒட்டி வைத்த சட்டைகளைத் தள்ளுபடிப் பெட்டியில்தான் போட வேண்டும். பக்கத்திலேயே தொங்கும் வெறும் சட்டைக்கு முழு விலை.

ஒன்று கவனித்தேன். அணி தொடர்ந்து தோற்கும்போது சட்டை கேட்டு வருபவர்கள் உடனே குறைவதில்லை. "பெயர் வேண்டாம், சும்மா கொடுங்கள்" என்பவர்கள்தான் கூடுவார்கள்.

வெற்றிவாகை:
கடைசி வரி அருமை. ஆனால் அது எனக்குத்தான் சாதகம். தோல்வி தொட்டது என்பதற்கு நீங்களே சாட்சி.

நடுக்களம்:
இல்லையே. சட்டை போய்ச் சேர்ந்துவிட்டதே. அது எனக்குச் சாதகம்.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் ஒரு குறிப்பு. "விற்பனை" என்று சொல்லும்போது யாருக்கு வரும் பணம் என்பதைப் பிரிக்காமலே பேசுகிறோம். "ஜெர்சி விற்றே வீரருக்குக் கொடுத்ததை எடுத்துவிடுவார்கள்" என்று ஒவ்வொரு பெரிய பரிமாற்றத்தின்போதும் யாராவது எழுதுவார்கள். 2018இல் இத்தாலியின் யுவென்டஸ் ரொனால்டோவை 10 கோடி யூரோவுக்கு வாங்கியபோதும் எழுதினார்கள்.

பெரிய கிளப்புகள் பொதுவாகச் சட்டையைத் தாங்களே தைப்பதில்லை. தைப்பதும் கடைகளுக்கு அனுப்புவதும் அடிடாஸ் போன்ற நிறுவனம். கிளப்புக்கு ஒரு நிலையான தொகை, அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பது வழக்கமாக வெளியே வராது. லிவர்பூல் விஷயத்தில் வந்தது, காரணம் கோர்ட். 2019இல் லிவர்பூல் நைக்கிக்கு மாற முடிவு செய்தது. அப்போது ஜெர்சி தைத்துக்கொண்டிருந்த நியூ பேலன்ஸ், போட்டியாளர் தரும் தொகைக்கு ஈடு கொடுத்தால் தொடரும் உரிமை தனக்கு உண்டு என்று லண்டனில் வழக்குப் போட்டது. நைக்கி தருவதாகச் சொன்னது ஆண்டுக்கு 3 கோடி பவுண்டு நிலையான தொகை, நிகர விற்பனையில் 20%.

20% என்பதே தாராளமான பங்கு. அதுவும் கடைச் சீட்டில் இருக்கும் விலையில் அல்ல. பேச்சுக்கு ஒரு ஜெர்சி மொத்த விலையில் 40 யூரோவுக்குப் போகிறது என்று வையுங்கள். கிளப்புக்கு 8 யூரோ. 10 கோடியை எடுக்க 1.25 கோடி ஜெர்சி விற்க வேண்டும். அதிலும் ரொனால்டோ சட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் எப்படியும் அதே அணியின் டிபாலா சட்டை வாங்கியிருப்பார்கள்? அவர்களைக் கழிக்க வேண்டாமா?

முதுகுப்பெயர்:
அண்ணே, சம்பளத்தைச் சேர்க்காமலே இவ்வளவா. சரி, அந்த வழக்கு என்ன ஆயிற்று?

கணக்குப்பிள்ளை:
லிவர்பூல் பக்கம் தீர்ப்பு, ஜெர்சி நைக்கிக்குப் போனது. இந்த விவாதத்துக்கு வேண்டியது அதன் காரணம்தான். நைக்கி ஆறாயிரம் கடைகளில் ஜெர்சியை வைப்பதாகவும், லெப்ரான் ஜேம்ஸ், செரீனா வில்லியம்ஸ், டிரேக் போன்ற பிரபலங்களைக் கொண்டு விளம்பரம் செய்வதாகவும் சொல்லியிருந்தது. விளம்பர விஷயத்தில் அதே தரத்துக்கு நியூ பேலன்ஸ் ஈடு கொடுக்கவில்லை என்றார் நீதிபதி. அந்த ஜூனில்தான் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் வென்றிருந்தது. புகழின் உச்சி அது. அப்போதுகூட நிலையான தொகையைப் பெரிதாக்கச் சொல்லாமல் கடைகளின் எண்ணிக்கையை நம்பினார்கள். புகழ் இருந்தால் போதாது, அதைச் சட்டையாக்கி ஆளின் கையில் கொடுக்க ஒரு கடை வேண்டும். மயாமி கதையிலும் புகழ் ஒரே நாளில் வந்துவிட்டது, சரக்குதான் வரவில்லை. ஒரு சீசனின் ஜெர்சிக்கு ஓராண்டுக்கும் முன்பே வடிவம் முடிவாகி எத்தனை தைப்பது என்று கணித்துவிடுவார்கள். மெஸ்ஸி வருவார் என்று யார் கணித்தது?

நான்காவது முயற்சி:
அமெரிக்கக் கால்பந்தையும் சேர்க்கலாமா? அங்கே கதை இன்னும் வேடிக்கை. அங்கத்திய லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். லீக் உரிமம் கொடுத்து விற்கும் பொருட்களின் வருமானம் பொதுப் பானையில் விழுந்து சமமாகப் பிரியும். உங்கள் அணியின் சட்டை பறந்தாலும் தூங்கினாலும் பங்கு ஒன்றே. விதிவிலக்கு டல்லஸ் கௌபாய்ஸ். அதன் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் 1995இல் நைக்கி, பெப்சியோடு தனியாக ஒப்பந்தம் போட்டார். லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, அவர் அதைவிடப் பெரிய தொகை கேட்டு எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம். இன்று கௌபாய்ஸ் தன் பொருட்களைத் தானே விற்கிறது.

அந்த அணி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைக் கடைசியாக வென்றது 1996 ஜனவரியில். ஆனாலும் லீக்கிலேயே அதிக மதிப்புள்ள அணி அதுதான். நடுக்களம் சொல்வது சரி என்பேன்.

வெற்றிவாகை:
இதுவும் அப்பன் சொத்துதான், நண்பரே. தொண்ணூறுகளில் நாலு சீசனில் மூன்று பட்டம். எல்லாரும் என் பக்கத்துக்கே உதாரணம் தருகிறீர்கள், நன்றி.

நான்காவது முயற்சி:
அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். 2023 செப்டம்பர் 24 அன்று பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கான்சாஸ் சிட்டி அணியின் ஆட்டம் பார்க்க வந்தார். அவரோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்த அணி வீரர் டிராவிஸ் கெல்சியின் ஜெர்சி விற்பனை ஏறக்குறைய 400% கூடியது என்று அதை விற்கும் ஃபனாட்டிக்ஸ் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்ற அணி அது. பட்டம் வென்ற வீரருக்கே இப்படி ஒரு ஏற்றம் தர பார்வையாளர் இருக்கையில் ஒருவர் வந்து உட்கார வேண்டியிருந்தது.

வெற்றிவாகை:
அது ஒரு வாரத்துப் பரபரப்பு. 400% என்பது எதன் மேல் 400%? அதைச் சொல்லாத சதவீதத்தை வைத்து என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
இந்த இடத்தில் வெற்றிவாகை சொல்வது நியாயம். ஆனால் அவருடைய சொத்துக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப். வெற்றியே சொத்து என்றால் இன்று அதன் ஜெர்சி உலகமெங்கும் தொங்க வேண்டும். தொங்குகிறதா?

வெற்றிவாகை:
ம்ம். சொல்லுங்கள், கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
எழுபதுகளில்தான் இங்கிலாந்தில் அணியின் சட்டையை ரசிகர்களுக்கு விற்பதே ஒரு தொழிலாக முளைவிட்டது. அட்மிரல் என்ற நிறுவனம் லீட்ஸ் யுனைடெட்டோடு தொடங்கி வைத்தது. அதைப் பெரும்பாலும் சிறுவர்களுக்குத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். ஃபாரஸ்ட் வென்றதை மற்ற நாடுகளில் வாரா வாரம் நேரலையில் பார்த்தவர் யார்? யுனைடெட்டின் வெற்றிகள் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். 1992இல் இங்கிலாந்தின் முதல் பிரிவாகப் பிரீமியர் லீக் பிறக்கிறது, செயற்கைக்கோள் தொலைக்காட்சி ஆட்டத்தை எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகிறது. வென்றார்கள், அதுவும் கேமரா முன்னால் வென்றார்கள், சட்டை விற்கும் தொழில் வளர்ந்த பிறகு வென்றார்கள். மூன்றும் சேர்ந்துதான் நீங்கள் சொல்லும் சொத்து. ஃபாரஸ்டிடம் முதலாவது மட்டும் இருந்தது.

வெற்றிவாகை:
சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். வெற்றி மட்டும் போதாது. ஆனால் மற்ற இரண்டும் இருந்து வெற்றி இல்லாமல் பெரிய விற்பனை செய்த கிளப் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

முதுகுப்பெயர்:
இத்தாலியின் வெனிசியா. கப்பா நிறுவனம் தைத்த அந்தச் சட்டைகளைக் கால்பந்தே பார்க்காதவர்கள்கூட வாங்கினார்கள். 2022இல் இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆவிலிருந்து இறங்கியது அணி, சட்டையின் புகழ் இறங்கவில்லை. இன்னொன்று ஜெர்மனியின் செயின்ட் பௌலி. பல ஆண்டுகள் இரண்டாம் பிரிவிலேயே ஆடிய கிளப், ஆனால் மண்டையோடு போட்ட அந்தக் கறுப்புச் சட்டையை எங்கே போனாலும் பார்க்கலாம். தேசிய அணி என்றாலும் நைஜீரியாவையும் சொல்லிவிடுகிறேன். 2018 உலகக் கோப்பைக்கு நைக்கி தைத்த அந்தப் பச்சைச் சட்டைக்கு வரிசையில் நின்றார்கள். அணியோ முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது.

வெற்றிவாகை:
வெனிசியா விற்பதும் யுனைடெட் விற்பதும் ஒரே அளவா? நான் "பெரிய" என்று கேட்டேன்.

முதுகுப்பெயர்:
கோலைப் போட்ட பிறகு கம்பத்தை நகர்த்துகிறீர்கள்.

நடுக்களம்:
நண்பரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஃபாரஸ்ட் விஷயத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, போன மாதம் அவரே யுனைடெட் ஜெர்சி ஒன்று வாங்கியிருக்கிறார். இந்த சீசனுடையது இல்லை, தொண்ணூறுகளின் வடிவத்தில் மறுபடி தைத்து விற்கிறார்களே, அது.

வெற்றிவாகை:
பார்த்தீர்களா! பழைய வெற்றியைத் துணியாகவே விற்கிறார்கள். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நடுக்களம்:
இன்றைய அணி தோற்றாலும் காசு வந்துவிட்டது என்பதற்கும் அதே சாட்சிதான்.

முதுகுப்பெயர்:
முதுகில் யார் பெயர் போட்டிருக்கிறார்?

நடுக்களம்:
கேட்டேன். பெயர் இல்லை, 7 மட்டும். யாருடைய 7 என்று கேட்டதற்குத்தான் இப்போது புதுச் சண்டை.